பனியே விழாத பள்ளம்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் துடியலூர் நிறுத்தத்தில் மேட்டுப்பாளையம் பேருந்துக்காக நின்றேன். இடுப்பில் இரண்டரை வயது இனியா. தோளில் இரண்டு பைகள். ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் அவளுக்கு இளைப்பு வந்தால் மருந்துப் புகை பிடிக்கும் கருவி, மருந்துகள், காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி, வெந்நீர் பிளாஸ்க். இவ்வளவையும் தூக்கிக்கொண்டு குளிர்காலத்தில் ஒரு குழந்தையை மலைக்குக் கொண்டுபோவது சரிதானா என்று அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று முறை யோசித்தேன். பேருந்து வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

நாங்கள் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் கணவர் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் இருக்கிறார். அந்த வேலையை விட்டுவிட்டு, கோத்தகிரிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இரண்டு ஏக்கரை ஐந்து வருடக் குத்தகைக்கு எடுத்து, பீன்ஸும் உருளைக்கிழங்கும் போட வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லி வந்தார். மாறிவரும் பருவநிலையைச் சமாளிக்கும் விவசாயம் என்று அந்த ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் திட்டம் நடத்துகிறது. சொட்டுநீர்க் குழாய், மழைநீர்த் தொட்டி, விதை எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. இவை எல்லாவற்றையும்விட அவரை இழுத்தது அங்கே நட்டிருந்த வானிலைக் கருவிதான். மூன்று குளிர்காலமாக அங்கே வெப்பநிலை ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்கியதே இல்லை என்று அது காட்டியது. பனி விழாது என்றால் பயிருக்கு மேல் பிளாஸ்டிக் குடில் போடும் செலவு இல்லை. அளவு காட்டும் முள்ளை நம்புவதே அவருடைய தொழில். ஆகவே நம்பினார். ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்துவிட்டார். திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தது.

அவர் நிலத்தை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, மே மாதம், மதிய வேளையில். சனவரியில் யாருமே பார்க்கவில்லையே என்று நான் சொன்னேன். அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "அப்ப நீயே போய்ப் பாரு வித்யா. நீ சரின்னு சொன்னா குடுக்கறேன், இல்லைன்னா கிழிச்சுப் போட்டர்றேன்" என்றார். பெருந்தன்மையாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் எது நடந்தாலும் பழி என் தலையில் விழும்படி ஆகிவிட்டது என்று எனக்குப் பட்டது.

மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டு, கோத்தகிரிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். முப்பத்து மூன்று கிலோமீட்டர். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் இரண்டு பெண்கள் ஏறி, பைகளில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். என்னிடம் இருந்தது எவர்சில்வர் பிளாஸ்க். ஆனாலும் மருந்துக் கருவியின் பிளாஸ்டிக் முகமூடியைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பையை இறுக்கிப் பிடித்தேன். "அது கொழந்தைக்கு வேணுமில்லீங்க, வச்சுக்குங்க" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே இறங்கினாள். அரவேனு வருவதற்குள் இனியா என் சேலையில் வாந்தி எடுத்தாள். அங்கிருந்து கோத்தகிரி வரை சரிவெல்லாம் தேயிலை. வெட்டிவிட்ட தலைமுடி போல ஒரே மட்டத்தில் பச்சை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகைக் காட்டித்தானே எல்லாரும் விற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோத்தகிரியில் பத்து மணி. வெயில் இருந்தும் நிழலில் நின்றால் கை சில்லிட்டது. அங்கிருந்து கட்டபெட்டுச் சாலையில் போய், பக்கத்துச் சாலை ஒன்றில் இறங்க வேண்டும். ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. காரணம் படிக்கும்போது தெரியும். பேருந்துக்கு மதியம் வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஜீப்புக்கு நானூறு ரூபாய் கேட்டார்கள். முந்நூற்று ஐம்பதுக்குப் பேசி ஏறினேன்.

ஓட்டுநருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஊர் பேரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, அங்க யாருங்க சொந்தக்காரங்க?"

"நிலம் பார்க்கப் போறோம்."

"அய்யோ, அது பள்ளமுங்க. இந்த மாசத்துல ஐஸ் விழுகும். புல்லெல்லாம் வெள்ளையாப் போயிரும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மெஷின்ல அப்படிக் காட்டலைங்களே" என்றேன்.

"மெஷினுக்குக் குளுருமா என்னங்க?" என்று சிரித்தவர், அடுத்த வளைவிலேயே, "என்ர மச்சான்கிட்ட மேட்டுல நல்ல பூமி இருக்குதுங்க. போற வழிதான். காட்டட்டுங்களா?" என்றார்.

அதோடு அவர் சொன்ன ஐஸையும் நான் நம்பாமல் விட்டேன்.

நிலத்துக்காரர் ரங்கசாமி எங்களுக்காகக் காத்திருந்தார். ஐம்பது தாண்டியவர், மேட்டுப்பாளையத்தில் கிழங்கு மண்டி வைத்திருக்கிறார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. இந்த நிலத்தை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது என்றார். "வாங்க அம்மிணி, கண்ணு தூங்குதுங்களா? பால் காய்ச்சச் சொல்லட்டுங்களா?" என்று அவர் காட்டிய அன்பு அளவுக்கு மீறியதாக எனக்குத் தெரிந்தது. குத்தகைக்கு விடுகிறவர் அன்பாக இருப்பது வழக்கம்தானே.

நிலம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. இரண்டு பக்கமும் மலைச்சரிவு. நடுவில் படிப்படியாக வெட்டிய கறுப்பு மண். அடியில் ஓடை. மேல்படியில் ஓட்டு வீடு ஒன்று. கீழ்ப்படியில், வேலிக்குள், நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம். அதில் வெள்ளைத் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கியது போல ஒன்று, பக்கத்தில் சூரிய ஒளித் தகடு, மழை அளக்கும் வாளி. பிரவீன் என்கிற இளைஞர் அங்கே நின்றார். திட்டத்தின் களப் பணியாளர். கோத்தகிரியில் அறை எடுத்திருக்கிறார், வாரம் இரண்டு நாள் பதினொரு மணி வாக்கில் இங்கே வருவாராம்.

"எங்க திட்டத்துல பல ஊர்ல மெஷின் வச்சோம் மேடம். ஒரு தடவைகூட ரிப்பேர் ஆகாதது இது மட்டும்தான்" என்று கம்பத்தைத் தட்டிக் காட்டினார். "காலைல ஆறு மணிக்கு ஊர்ல எல்லாருக்கும் மெசேஜ் போயிரும். ராத்திரி எவ்வளவு குளிர், எவ்வளவு மழைன்னு."

"பனி விழறதே இல்லையா?"

"டேட்டா அப்படித்தான் சொல்லுது மேடம்."

"நீங்க காலைல வந்து பார்த்திருக்கீங்களா?"

"டேட்டா இருக்கே மேடம்" என்றார்.

ரங்கசாமி இடையில் புகுந்தார். "நம்பிக்கையில்லீன்னா கோத்தகிரில லாட்ஜு போட்டு வச்சிருக்கேனுங்க. ராத்திரி தங்கிட்டு நாளைக்கு மத்தியானம் இன்னொருக்கா வந்து பாருங்க."

மறுபடியும் மத்தியானம். நான் இங்கேயே தங்குகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க அம்மிணி. குளுரும். கொழந்தைக்கு ஆகாது."

பனி விழாத ஊரில் குழந்தைக்கு ஏன் ஆகாது? எதையோ மறைக்கிறார் என்று அந்த நிமிடம் முடிவு செய்துவிட்டேன். இனியாவின் இளைப்பு நினைவுக்கு வந்தது. ஆனாலும் பிடிவாதமாக நின்றேன். மேல்படி வீட்டில் இருந்த பாக்கியம் அக்காவிடம் எங்களை ஒப்படைத்துவிட்டு அவர்கள் இருவரும் போனார்கள்.

பாக்கியம் அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். இங்கேயும் பல வருடம் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு, இப்போது நிலத்துக்கும் கருவிக்கும் காவல். அதற்கு ரங்கசாமி கொஞ்சமும் திட்டக்காரர்கள் கொஞ்சமும் கொடுக்கிறார்கள். தேங்காய்த் துருவல் போட்டு ரொட்டி தட்டி, மிளகாய்ச் சம்பலோடு தந்தார். இனியாவுக்குச் சீனி தொட்டு ஊட்டினார்.

"என்னா புள்ள, கொழந்தைக்கு இத்தன சட்டை போட்டிருக்கீங்க? கை மடக்கக்கூட ஏலாம நிக்கிது."

"இளைப்பு இருக்குக்கா. பயமா இருக்கு."

"அதுவும் சரிதான். குளிருல விட்டா என்னா ஆகும்னு யாரு கண்டா" என்று அவரே இன்னொரு துண்டை எடுத்து அவள் தலையில் கட்டினார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. பிடித்துப் போனதாலேயே கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் தோன்றியது.

ஐந்தரை மணிக்கு வெயில் போனதும், ஒரு குழாயைத் திறந்துவிட்டாற்போலக் குளிர் இறங்கியது. இனியா தன் வாயிலிருந்து வந்த ஆவியைப் பார்த்து, "அம்மா, புகை" என்று ஊதி ஊதி விளையாடினாள். பாக்கியம் அக்கா அடுப்படி மூலையிலிருந்து சாக்குகளையும் ஒரு கட்டுப் பெரணித் தழையையும் அணைத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றேன். "ஒரு வேல இருக்கு, முடிச்சிட்டு வாறேன்" என்று படி இறங்கினார். நாற்றுப் பாத்திகள் இருந்த பக்கம்தான் போனார். இருட்டிவிட்டதால் அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். கதவைத் திறந்தேன். பள்ளம் முழுவதும் வெள்ளையாக இருந்தது. புல், வேலிக் கம்பி, பாத்தி வரப்பு, எல்லாவற்றின் மேலும் பொடி தூவியது போல உறைபனி. என் பின்னால் வந்து நின்ற இனியா, "உப்பு கொட்டிருக்கு" என்றாள்.

அப்போது என் கைபேசி கூவியது. முந்தின நாள் பிரவீன் என் எண்ணையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார். இன்று குறைந்தபட்ச வெப்பநிலை 6.2 டிகிரி. உறைபனி இல்லை.

ஏமாற்றுகிறார்கள். எல்லாரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள். மண்டிக்காரர், அந்தப் பையன், சாக்கோடு போன இந்த அம்மாள், எல்லாரும். இனியாவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கினேன். காலுக்கடியில் புல் நொறுங்கியது.

கீழ்ப்படியில் பாக்கியம் அக்கா நின்றிருந்தார். கருவியின் மேல் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெளியே இரண்டு சாக்கு, சாக்கின் மேல் பனி. உள்ளே பெரணித் தழை. அதற்கும் உள்ளே, வெள்ளைத் தட்டுகளை இறுகச் சுற்றி ஒரு பழைய கம்பளி.

"யார் சொல்லி இதைச் செய்யறீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் திருட்டுத்தனம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். குளிரில் மூக்கு சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"யாரு சொல்லணும் புள்ள? அந்தத் தம்பிதான் என் கையில குடுத்திச்சு. இது உங்க புள்ள மாதிரி, பத்திரமாப் பாத்துக்கங்கன்னு."

"தினமுமா?"

"பனி மாசத்துல ஒரு பொழுது விட்டது கெடையாது. விடிஞ்சதும் அவுத்துருவேன், அதுக்கு வெயில் வேணுமே. தோட்டத்துல நாத்துக்கு இப்பிடித்தானே போத்துவோம். மத்த ஊருல எல்லாம் மெசினு கெட்டுப் போச்சாம். இது மட்டும் கல்லு மாதிரி நிக்குதுன்னு தம்பி ஆபீசுல சொல்லி ஒரு சால்வ போட்டாங்க எனக்கு."

கம்பளியை உதறி மடித்தார். என் மகளைச் சுற்றியிருந்த மூன்று சுற்றுத் துணியைப் பார்த்தேன். அப்போதும் என் சந்தேகம் முழுக்கப் போகவில்லை. இவருக்குத் தெரியாது, சரி. ரங்கசாமிக்குமா தெரியாது?

எட்டு மணிக்குக் கணவரை அழைத்து, விழுந்திருந்த பனியைப் பற்றிச் சொன்னேன். படமும் அனுப்பினேன்.

"மெஷின் ஆறு டிகிரின்னு காட்டுதே. அது வெறும் பனித்துளியா இருக்கும் வித்யா."

"ஏனுங்க, கால்ல நொறுங்குச்சுங்க."

"உனக்கு மொதல்லருந்தே இது புடிக்கல. போறப்பவே மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டுத்தான் போனே."

சாக்கு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் நேராகப் பிரவீனைக் கேட்பார். பாக்கியம் அக்காவின் வேலை போகும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை கடிதம் போகும். "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். ஊரெல்லாம் பொய் சொல்கிறது என்று நான் நினைத்தேன். பொய் சொல்வது நான் என்று அவர் நினைக்கிறார்.

பகலில் இனியாவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். சாலையோரத்துக் கழுவும் இயந்திரத்தில் கேரட் உருண்டு சிவப்பாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஒருத்தர் இனியாவுக்கு ஒன்று கொடுத்தார். நான் பிளாஸ்க் தண்ணீரில் மறுபடி கழுவித்தான் கடிக்கவிட்டேன். அடுத்த பாத்தியில் கருகிய பீன்ஸ் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த படுகர் பெண் ஒருவரிடம் பனி விழுமா என்று கேட்டேன்.

"விழாம? இந்தக் கொடி பாருங்க, பனியில வெந்து போச்சு."

"அப்ப காலைல வர்ற மெசேஜ்ல இல்லைன்னு வருதே?"

"அது கீழ மேட்டுப்பாளையத்துக்குன்னு நெனச்சோம்" என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பனி படாம பயிர் மேல போடற வலை அந்தப் பக்கத்து ஊருக்குக் குடுத்தாங்க. எங்களுக்குக் கேட்டா, உங்க ஊர்லதான் பனி இல்லையேங்கறாங்க. பாத்துட்டா சொல்றாங்க?" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் இதுதான் மனதில் ஓடியது. கம்பளி போர்த்தியது எங்கள் குடும்பத்தை மட்டும் ஏமாற்றவில்லை. பீன்ஸையும் சேர்த்து வேக வைத்திருக்கிறது.

அன்று மாலை கிளம்புவதாக இருந்தேன். இன்னும் ஒரு நாள் தங்குவதாகப் பாக்கியம் அக்காவிடம் சொல்லிவிட்டு, அந்த ஒரு ராத்திரி மட்டும் கருவியைப் போர்த்தாமல் விடச் சொல்லிக் கேட்டேன்.

"ஏன்?"

"அது குளிரை அளக்கற கருவி அக்கா. போர்த்தினா கம்பளிக்குள்ள இருக்கற குளிரைத்தான் அளக்கும்."

அவர் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அதைக் கெடுக்க வந்தவள் என்று நினைக்கிறாரோ என்று எனக்குப் பயம். அவர் அப்படித்தான் நினைத்தார்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"நான் பொறுப்பு."

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்று இருட்டும்போது சாக்குகள் அடுப்படி மூலையிலேயே கிடந்தன. அக்கா இரண்டு தடவை வாசல் வரை போய்க் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இனியாவின் நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன். லேசான கீச்சொலி. மருந்துப் புகை பிடித்தபின் அடங்கிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என் கைபேசி கூவியது. அக்காவுடையதும் கூவியது. மேலே ஊருக்குள்ளும் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. குறைந்தபட்ச வெப்பநிலை 0.3 டிகிரி. உறைபனி எச்சரிக்கை. பயிரைப் பாதுகாக்கவும்.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அடுத்த நிமிடமே அக்காவின் கைபேசி அடித்தது. பிரவீன். அவர் பதற்றத்தில் கத்தியது எனக்கே கேட்டது.

"பாக்கியம்மா, மெஷினை யாராச்சும் தொட்டாங்களா? ரிப்பேர் ஆயிருச்சு! தப்பாக் காட்டுது. நான் வர்றேன், யாரையும் கிட்ட விடாதீங்க."

அக்கா கைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா புள்ள? நான் சொன்னேன்ல!"

பின்னாலேயே என் கைபேசியில் கணவர். "வித்யா, பிரவீன் சொன்னாரு, மெஷின் கெட்டுப் போச்சாமே. இன்னிக்கே சரி பண்ணிருவாங்களாம். நீ அந்த மெசேஜைப் பாத்துப் பயந்துக்காதே."

மூன்று வருடம் பொய் சொன்னபோது நல்ல கருவி. ஒரு நாள் உண்மை சொன்னதும் ரிப்பேர். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்குள் ஒரு மோட்டார் சைக்கிளில் பிரவீனும் பின்னால் ரங்கசாமியும் வந்தார்கள். ரங்கசாமி முந்தின இரவு கோத்தகிரியில் தங்கியிருக்கிறார். நான் என்ன முடிவு சொல்வேனோ என்ற கவலையாக இருக்கலாம். பள்ளத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. பிரவீன் கருவியின் பெட்டியைத் திறந்து ஒயர்களைத் தொட்டுப் பார்த்தார். தன் காலுக்கடியில் இருப்பதை அவர் பார்க்கவே இல்லை. ரங்கசாமி பார்த்தார். செருப்புக் காலோடு முதல் படியில் வழுக்கி, கையை ஊன்றி, எழுந்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கையில் ஒட்டியிருந்த ஐஸை விரலால் தேய்த்தார்.

"இது என்னதுங்க?" என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் பாக்கியம் அக்கா முந்திக்கொண்டார்.

"தம்பி, என்னைய ஏசாதீங்க. நேத்து ராத்திரி ஒரு பொழுதுதான் போத்தல. இந்தப் புள்ள வேணாம்னு சொன்னிச்சு. அதான் மெசினுக்குச் சளி புடிச்சிருச்சு."

பிரவீன் நிமிர்ந்தார். "எதைப் போர்த்தல?"

அக்கா சொன்னார். சாக்கு, பெரணி, கம்பளி. எப்படிச் சுற்றுவது, எந்த முடிச்சு. பெருமையோடு சொன்னார். பிரவீன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"மூணு வருஷமாவா?"

"ஒரு பொழுது விட்டது கெடையாது."

அவர் பாத்தி வரப்பில் அந்தப் பனியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மேலிடத்துக்கு அனுப்பிய அத்தனை அறிக்கையிலும் இந்த ஊர் பனி விழாத ஊர். வலை கொடுக்க வேண்டிய ஊர்களிலிருந்து இதை நீக்கியவரும் அவர்தான். கத்தப் போகிறார், அக்காவை இன்றே அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்து, "அவங்க மேல தப்பில்லைங்க" என்று ஆரம்பித்தேன்.

"தப்பு என்னோடது மேடம். எதுக்கு வச்சிருக்கோம்னே நான் அவங்ககிட்ட சொல்லல" என்றார். கொஞ்சம் கழித்து, "இதை எப்படி எழுதறதுன்னுதான் தெரியல" என்றார்.

எழுதுவாரா என்று எனக்குத் தெரியாது. கருவியை மாற்றிவிட்டதாக ஒரு வரி எழுதி முடித்துவிடவும் அவரால் முடியும். எழுதட்டும் என்று அவருக்கு இடம் விட்டுத்தான் ஊரின் பெயரை இங்கே சொல்லவில்லை.

ரங்கசாமி நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வேட்டி நுனி நனைந்திருந்தது. "நானும் அந்த மெஷினைப் பாத்துத்தானுங்க வாங்குனேன்" என்றார். "மேட்டுப்பாளையத்துல மண்டி. மத்தியான பஸ்சுல வந்து மத்தியான பஸ்சுல போயிருவேன். ஒரு விடியக்காலைகூட இங்க நின்னதில்லீங்க அம்மிணி." இதுவும் நடிப்பாக இருக்குமோ என்று ஒரு கணம் பார்த்தேன். சிவந்து விறைத்த பாதங்களோடு அவர் நின்ற நிலையில் நடிப்பு இல்லை.

"உங்க ஊட்டுக்காரர் நம்பர் போடுங்க" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். என் முன்னாலேயே பேசினார்.

"தம்பி, ரங்கசாமி பேசறனுங்க. மெஷின் ரிப்பேர் இல்லீங்க. நான் ஐஸ்ல நின்னுட்டுத்தான் பேசறேன். குடில் போடாம இங்க பீன்ஸ் போட்டீங்கன்னா ஒரு காய் மிஞ்சாது. இந்தக் குத்தகை உங்களுக்கு வேண்டாமுங்க. உங்க சம்சாரம் சொல்றது நெசம்."

இரண்டு நாளாக நான் சொல்லி நம்பாததை, நான் நம்பாத மனிதர் சொன்னதும் கணவர் நம்பினார். கைபேசி என் கைக்கு வந்தபோது அவர், "சரி, வந்து சேரு. பாப்பா எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கிளம்பும்போது பாக்கியம் அக்கா ரொட்டி சுற்றிக் கொடுத்தார். கருவியைப் பார்த்து, "இனிமே அத வெறுமனேதான் விடணுமா?" என்று பிரவீனிடம் கேட்டார். ஆமாம் என்றார் அவர். அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. காவலுக்கு அக்காவே இருப்பார் என்று பிரவீன் சொன்னதை நான் இரண்டாம் முறையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ரங்கசாமி சாலை வரை வந்து, மதிய பேருந்தில் எங்களை ஏற்றிவிட்டார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அடுத்து வேற யாராவது குத்தகைக்குக் கேட்டு வந்தா என்ன சொல்வீங்க?"

பேருந்து கிளம்பிவிட்டது. அவர் கூடவே நாலு எட்டு நடந்தார். "காலைல ஆறு மணிக்கு வரச் சொல்லுவேனுங்க அம்மிணி" என்றார்.

கோத்தகிரியில் நல்ல வெயில். சுற்றுலா வந்தவர்கள் தேயிலைச் சரிவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் இனியாவின் மேல் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். துடியலூரில் வீட்டுக்குள் நுழையும்போது மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. இங்கே குளிர் என்றால் விடிகாலையில் ஒரு போர்வை, அவ்வளவுதான். அங்கே அதே குளிர் ஓர் ஊரின் பயிரைத் தீர்மானிக்கிறது. நானும் என் கணவரும் அதைக் கைபேசித் திரையில் ஓர் எண்ணாக மட்டும் பார்த்து, பிழைப்பையே மாற்றிக்கொள்ள இருந்தோம்.

கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. மடித்து அலமாரியில் வைத்தார். இரவுச் சாப்பாட்டின்போது, குன்னூர்ப் பக்கம் இன்னோர் ஊர் இருப்பதாகவும், அது மேட்டில் இருப்பதாகவும், அங்கேயும் ஒரு கருவி வைத்திருப்பதாகவும் மெல்லச் சொன்னார். அதில் மூன்று டிகிரிக்குக் கீழே போனதில்லையாம்.

நான் தட்டை எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கருவியை அங்கே யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன்.